துவைக்கக்கூடாத சட்டை

என் வீட்டுக்காரரைப் போல ஒரு நல்ல மனுஷன் கிடைக்க மாட்டார் என்று என் அம்மா முதல் எதிர்வீட்டுக்காரி வரை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெட்டவனோடு குடித்தனம் நடத்துவதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. தப்புச் செய்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நல்லவர் நல்லது என்று நினைத்துச் செய்கிற தப்புக்கு என்ன செய்வது? திட்டினால் வலி திரும்பி நமக்கே வருகிறது.

நான் வெளிநாட்டில் ஒரு பேஸ்பால் அணிக்கு உடுப்பு அறைப் பொறுப்பாளர். கேட்கிறபோது பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும். ஒரு படை தடியன்களின் அழுக்கு மூட்டையோடு மல்லுக்கட்டுகிற வேலை, அவ்வளவுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் வெள்ளைக் கால்சட்டைகள் செம்மண்ணில் புரண்ட எருமை மாதிரி வந்து விழும். செம்மண்ணை ஈரத்தோடு தேய்த்தால் அது துணிக்குள்ளேயே குடியேறிவிடும். காயவிட்டு, பிரஷ்ஷால் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் தண்ணீரைக் காட்ட வேண்டும். இதற்கு முன்னால் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவை நடத்தியவள் நான். அங்கே படுக்கை விரிப்புகள் வாயை மூடிக்கொண்டிருக்கும். இங்கே ஒவ்வொரு சாக்ஸுக்கும் ஒரு சொந்தக்காரன், ஒவ்வொரு சொந்தக்காரனுக்கும் ஒரு பிடிவாதம். முதல் நாள், என்னை அக்கா என்று கூப்பிடுங்கள் என்றேன். அதுதான் என் பெயர் என்று நினைத்து, என் அப்பா வயதுள்ள கோச்சும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

வீட்டுக்காரர் கல்லூரி நூலகர். இந்த வேலை வந்தபோது, "போய்த்தான் ஆகணுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "போய்த்தான் ஆகணும். என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. நான் தனியாவே சமாளிச்சுக்குவேன்" என்றேன். பெட்டியை அவரே அடுக்கிக் கொடுத்தார், நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற மாதிரி, முதுகு தெரிய.

இப்போது என்னைப் பார்க்க வந்திருந்தார். வந்த நாளிலிருந்து எங்களுக்கு ஓயாமல் ஆட்டம். நான் விடிந்ததும் போய் இருட்டிய பிறகு வருவேன். அவர் சமைத்து மூடி வைத்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருப்பார். ஒரே ஒரு விடுமுறை நாள்தான் கிடைத்தது. அதற்கு மறுநாள் இரவு அவருக்கு விமானம்.

நடுவில் இரண்டு தடவை அவராகவே, "லீவு இன்னும் நிறைய மிச்சம் இருக்கு" என்று சொன்னார். ஒரு தடவை பாத்திரம் கழுவிக்கொண்டே, ஒரு தடவை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "ஓ, அப்படியா" என்றேன் நான். சீசன் முடிகிறவரை இருங்களேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. தொண்டை வரைக்கும் வந்தது. தனியாகச் சமாளிப்பேன் என்று மார்தட்டியவள் எந்த முகத்தோடு கேட்பது? ஊருக்கெல்லாம் வாய் நீளம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஊமை.

விடுமுறை நாளன்று தாமதமாகத்தான் விழித்தேன். வெளியே வெயில். அறை முழுவதும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனை. வீட்டுக்காரர் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரக் கொடியில் என் துணி, அவர் துணி, தலையணை உறை, கால்மிதி எல்லாம் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாத்தையும் கையாலேயே துவைச்சுட்டேன். இன்னிக்கு ஒரு நாளாவது நீ அழுக்குத்துணி மூஞ்சியில முழிக்கக் கூடாது" என்றார்.

கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் இஸ்திரிப் பலகையில் கிடந்ததைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் முழுக்கை வைத்த உள்சட்டை.

"என்னங்க இது?"

"குளியலறைக் கதவுல ஒரு பையில மாட்டியிருந்தியே, அது. ஏம்மா, ஒரு அழுக்குச் சட்டையைக் கட்டி வைக்க மூணு முடிச்சா? அவிழ்க்கவே அரைமணி ஆச்சு. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். ரெண்டு தண்ணியில ஊறப் போட்டு, கழுத்துக்குத் தனியா சோப்புப் போட்டு... முழங்கைக் கறை லேசுல போகல. விடுவேனா நான்?"

நான் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சட்டையின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் ஒரு பையன் இருக்கிறான். நெட்டையாக இருப்பான், பந்து வருகிற நேரத்தில் ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான். நான் வைத்த பெயர் கொக்கு. சீசன் தொடக்கத்தில் அவன் மட்டை காற்றை மட்டுமே அடித்தது. இன்னும் இரண்டு ஆட்டம் இப்படிப் போனால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றிருந்த சமயம், ஒரு நாள் இந்தச் சாம்பல் சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு போனான், அடித்தான். மறுநாளும் அதையே போட்டான், அடித்தான். அன்றிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறான், அன்றிலிருந்து அந்தச் சட்டைக்குத் தண்ணீரும் காட்டவில்லை. துவைத்தால் அதிர்ஷ்டம் போய்விடுமாம். பேஸ்பால்காரர்கள் எல்லோருமே இப்படித்தான். கோட்டை மிதிக்காமல் தாண்டுகிறவன் ஒருவன், இடது சாக்ஸை முதலில் கொடுக்காவிட்டால் முறைக்கிறவன் ஒருவன். நான் சிரிக்கவில்லை. கிளம்பும்போது யாராவது தும்மினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற பரம்பரையில் வந்தவள், யாரைப் பார்த்துச் சிரிப்பது?

விடுமுறை நாளில் கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. வெளியாட்கள் வந்து அறையைக் காலி செய்து, கையில் சிக்குகிற துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் வெளுத்துவிடுவார்கள். அதற்குப் பயந்து கொக்கு முந்தின நாள் அந்தச் சட்டையைப் பையில் போட்டு என் கையில் கொடுத்திருந்தான். "அக்கா, உங்க வீட்டுல இருந்தாத்தான் பத்திரம்" என்றான். மூன்று முடிச்சும் அவன் போட்டதுதான். நான் வந்து சேர்ந்தபோது வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது என் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்டிருக்கும். "ஒரு வார்த்தை எழுப்பிக் கேட்டிருக்கலாம்ல? கண்ணுல பட்டதையெல்லாம் துவைக்கணுமா? விட்டா என்னையும் துவைச்சு காயப் போட்டிருப்பீங்க!"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு நின்றார். முகம் சுருங்கிப்போயிருந்தது. "நீ ரெஸ்ட் எடுக்கட்டும்னு..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

சொன்னேனே, வலி திரும்பி நமக்கே வருகிறது என்று. நாளைக்குப் போகப்போகிற மனுஷன். கிடைத்ததே ஒரு நாள், அதையும் நான் கத்திக் கெடுத்துக்கொண்டிருந்தேன். காபி போட்டுக் கொடுத்தார், வாங்கிக் குடித்தேன். இரண்டு பேரும் சட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பளிச்சென்று இருந்தது. இவ்வளவு சுத்தமாக எங்கள் எந்திரத்தில்கூட வராது. அது வேறு எரிச்சல்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தொண்டையைச் செருமினார். "போனது என்ன, அழுக்குதானே? அழுக்கு கிடைக்காத சரக்கா? மறுபடியும் பண்ணிட்டாப் போச்சு."

"பண்றதா?"

"நான் போட்டுக்கிட்டு ஓடுறேன். வேர்வையில என்ன பேரா எழுதியிருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பஸ் கிளம்பினால்கூட, அடுத்தது வரும் என்று நிற்கிறவர். அவர் சட்டையைத் தலைவழியே மாட்டி இழுத்தார். கொக்குக்குத் தொளதொளவென்று இருக்கிற சட்டை, இவருடைய தொப்பைமேல் வந்ததும் திண்டு உறை மாதிரி இறுகிக்கொண்டது. கை மட்டும் நீளமாகத் தொங்கியது. நான் சிரிக்கக்கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே பூங்கா. அதன் கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேஸ்பால் ஆடுகிற சின்ன களம் ஒன்று, அன்றைக்கு ஈ காக்கை இல்லை. வழியில் ஒரு கடையில் பிளாஸ்டிக் மட்டையும் ரப்பர் பந்தும் வாங்கிக்கொண்டோம். கடைக்காரர் குழந்தைக்கு எத்தனை வயது என்று கேட்டார். வீட்டுக்காரர் கூச்சமே இல்லாமல் தன் வயதைச் சொன்னார்.

முதலில் களத்தைச் சுற்றி ஓடினார். அரைச் சுற்றிலேயே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஓடுங்க, ஓடுங்க, இன்னும் அக்குள்கூட நனையல" என்று நான் விரட்டினேன். ஒரு சுற்று முடிந்தபோது மூச்சு புஸ்புஸ்ஸென்று வந்தது, முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

பிறகு முழங்கைக் கறை. ஓடி வந்து செம்மண்ணில் சறுக்கி விழுந்தால்தான் அது சரியான இடத்தில் வரும். எப்படி விழ வேண்டும் என்று நான் செய்து காட்டினேன். அவர் ஓடி வந்தார், விழுந்தார், ஆனால் சறுக்கவில்லை. தொப்பை பிரேக் போட்டுவிட்டது. குப்புறப் படுத்தபடியே தலையைத் தூக்கி, "கறை வந்துச்சா பாரு" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது.

அப்புறம் நான் பந்து போட்டேன், அவர் மட்டை பிடித்தார். மட்டையைக் குடை மாதிரி பிடித்திருந்தார். போட்ட பந்தெல்லாம் அவரைத் தாண்டிப் போனது, ஒவ்வொரு தடவையும் அவரே போய் எடுத்து வந்தார். "நீ வேகமா போடுறே." "இதுக்கு மேல மெதுவாப் போட்டா பந்து பாதி வழியில உட்கார்ந்துக்கும்." கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வீச்சு வீசினார். டப் என்று பட்டுப் பந்து என் தலைக்கு மேலே பறந்து புதருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அதே வீச்சில் சட்டையின் அக்குளில் தையல் டர்ரென்று விட்டது. அவர் எதையும் கவனிக்கவில்லை. மட்டையை எறிந்துவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டார்.

"கழட்டுங்க, இனிமே என் முறை" என்றேன் நான்.

அவர் கழற்றிக் கொடுத்த சட்டையை என் குர்தாவுக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். வந்த நாளிலிருந்து எத்தனை பேர் அடிப்பதை ஓரமாக நின்று பார்த்திருப்பேன். ஒரு நாள்கூட மட்டையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியதில்லை. அவர் பனியனோடு நின்று, பூசாரி தீர்த்தம் கொடுக்கிற பக்குவத்தில் பந்தை மெல்லப் போட்டார். மூன்றாவது பந்தே பட்டது. நான் நான்கு மூலையையும் சுற்றி ஓடினேன். அவர் பந்தை எடுத்துக்கொண்டு என்னைத் துரத்தினார். எட்டிப் பிடித்தபோது ஆட்டம் மறந்துபோய் அப்படியே கட்டிக்கொண்டார். நடுக் களம், பட்டப்பகல். பக்கத்துப் பாதையில் நாயோடு போன ஒரு கிழவர் கை தட்டிவிட்டுப் போனார். நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கூடவே, நாளை இரவு இந்த ஆள் இருக்க மாட்டார் என்பதும் ஞாபகம் வந்தது. இருங்களேன் என்று சொல்லக் களத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. "பசிக்குது, வாங்க போலாம்" என்றேன். எனக்கு நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் அக்குள் தையலைப் பிரித்துப் பழைய தடத்திலேயே தைத்தேன். யார் கண்ணுக்கும் தெரியாது. கறை சரியான இடத்தில் இருந்தது. நாற்றமும் வந்துவிட்டது, என்ன, அதில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் வாசனையும் கலந்திருந்தது. பையில் போட்டு மூன்று முடிச்சுப் போட்டேன். அவர் பக்கத்து அறையில் தன் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துணியையும் அவர் மடித்து வைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் உடுப்பு அறை வாசலில் கொக்கு எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். "அக்கா, பத்திரமா இருந்துச்சா?" என்றான். ஆமாம் என்று சொல்லி நீட்டியிருந்தால் வேலை முடிந்தது. இரவு தூங்காத முகம் அவனுக்கு. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. துவைத்ததில் தொடங்கித் தையல் விட்டது வரைக்கும் கொட்டிவிட்டேன்.

கொக்கு பெஞ்சில் உட்கார்ந்தான். முடிச்சை அவிழ்த்தான், முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"இதைப் போட்டுக்கிட்டு அவர் அடிச்சாரா?" என்று கேட்டான்.

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்."

"அடிச்சார். ஒரே ஒரு தடவை. புதருக்கு அந்தப் பக்கம் போச்சு."

"இதுக்கு முன்னால எப்பவாவது அடிச்சிருக்காரா?"

"அவர் ஒரு கொசுவைக்கூட ஒழுங்கா அடிச்சதில்ல."

"நீங்க?"

"நானும்தான் அடிச்சேன். மூணாவது பந்து."

கொக்கு யோசித்தான். இவன் தலைக்குள் கணக்கு எப்படி ஓடுகிறது என்று எனக்குப் புரியவில்லை. பிறகு சட்டையைத் தலைவழியே மாட்டிக்கொண்டான். "அப்ப நல்லாத்தான் இருக்கு" என்றான். "இன்னிக்கு அவரை ஆட்டம் பார்க்கக் கூட்டிட்டு வாங்க. நான் நிக்கிற இடத்துலேர்ந்து அவர் எனக்குத் தெரியணும்."

அப்படித்தான் வீட்டுக்காரர் முதல் முறையாக ஆட்டம் பார்க்க வந்தார். எங்கள் ஆட்கள் உட்காருகிற கூடாரத்துக்கு மேலே, பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசை. விமானத்துக்குப் போகிற சட்டையையே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். விதி எதுவும் புரியவில்லை, எல்லாவற்றுக்கும் கை தட்டினார், எதிர் அணிக்கும் சேர்த்து. கொக்கு முதல் தடவை வந்து காற்றை அடித்துவிட்டுப் போனான். இரண்டாவது தடவை பந்து எழும்பி நேராக ஒருவன் கைக்குள் விழுந்தது. நான் கீழே துண்டுகளை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை காலைத் தூக்குவதற்கு முன்னால் கொக்கு மேலே பார்த்தான். வீட்டுக்காரர் எழுந்து நின்று, மட்டையைக் குடை மாதிரி பிடிப்பதை வெறுங்கையால் செய்து காட்டிக்கொண்டிருந்தார். கொக்கு சிரித்துவிட்டான். ஆடுகளத்தில் அவன் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த பந்தை அடித்தான், அது வீசியவனின் காதோரமாகச் சீறிக்கொண்டு போனது.

ஆட்டம் முடிந்ததும் கொக்கு நேராக என்னிடம் வந்தான், பின்னாலேயே கோச். "அக்கா, நாளைக்கும் அவர் அதே இடத்துல உட்காரணும்" என்றான் கொக்கு. இன்று இரவு அவருக்கு விமானம் என்றேன். இரண்டு பேரும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேட்டதுபோல என்னைப் பார்த்தார்கள். டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று கோச் மெல்லக் கேட்டார். சும்மா இல்லை, எழுபது வயது மனுஷன், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

வீட்டுக்காரர் வெளியே நடைபாதையில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"கொக்கு சொல்றான், நீங்க போகக் கூடாதாம்" என்றேன்.

"அவன் சொல்றானா?"

"கோச்சும் சொல்றார்."

"சரி" என்றார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு அவன் அடிக்கலைன்னா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை தொண்டை வரைக்கும் வந்தது அங்கேயே நிற்கவில்லை.

"அடிக்கலைன்னாலும் இருங்க" என்றேன்.